நிலை வைக்க வந்த பில்டர்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே ஐயம். வெள்ளிக்கிழமை என்பது நிச்சயம். பத்தரைக்கு ராகுகாலம் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். யார் முதலில் வாய் திறந்தது என்பதுதான் குழம்புகிறது.

உரும்பிராயில் என் அண்ணை பஞ்சலிங்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அத்திவாரத்திலிருந்து இடுப்பளவு சுவர் வரை எழுப்பியவள் உதயகலா. கணவன் இறந்தபின் மேசன் வேலை பழகியவள். வாசல் நிலையை வைப்பது வீட்டைக் கட்டும் மேசனின் உரிமை. ஆனால் மங்கல காரியத்தில் விதவை கைவைக்கக் கூடாதென்று அண்ணை கோண்டாவிலிலிருந்து குகதாசன் என்ற மேசனைக் கூப்பிட்டிருந்தார்.

உதயகலா வாசல் இடைவெளியில் போய் நின்றுகொண்டாள்.

"பிள்ளை, விலகு. நேரம் போகுது," என்றார் அண்ணை.

"போகட்டும் ஐயா. கல்லடுக்கேக்கை நல்ல கை, நிலைக்கு மட்டும் கூடாத கையோ?"

"உவர் பில்டர். பேர் போட்டு விசிட்டிங் காட் அடிச்சு வைச்சிருக்கிறார். நீ கூலிக்கு வந்தனி."

நான் அதிகம் பேசுபவனல்ல. அன்று பேசினேன். பில்டர் என்ற அந்தச் சொல்லைப் பற்றி அகராதியில் படித்திருந்தேன். பழைய ஆங்கிலத்தில் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. அதிலிருந்து வீடு கட்டுவதற்கான வினை பிறந்தது. கட்டுபவர் பில்டர் ஆனார்.

"அதிலை ஆம்பிளையும் இல்லை, காட்டும் இல்லை அண்ணை. வீட்டை ஆர் கட்டினவையோ, அவைதான் பில்டர்."

"உன்ரை புத்தகத்தை மூடு!"

உதயகலா என்னையும் விடவில்லை. "வெள்ளைக்காரன்ரை சொல்லு வந்து எனக்குச் சாட்சி சொல்லத் தேவையில்லை, தம்பி. சுவர் நிக்குது, பாருங்கோ."

குகதாசன் தூக்குக்குண்டை இறக்கிச் சுவரைப் பார்த்தார். சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது.

"ஆரோ பெத்த பிள்ளைக்கு நான் பேர் வைக்கமாட்டன் அண்ணை," என்றார் பிறகு. "தேத்தண்ணி இருந்தால் தாங்கோ."

ராகுகாலம் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்க, உதயகலா நிலையை நிறுத்தினாள். சந்தனத்தையும் அவளே வைத்தாள். மேசனுக்கென்று வாங்கிய வேட்டியும் சால்வையும் தட்டிலேயே கிடந்தன. அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேறு மேசன் கிடைக்காததால் வீட்டை அவளே முடித்தாள். அண்ணை அதில் குடியிருக்கிறார். யார் கட்டியது என்று கேட்டால் குகதாசன் என்கிறார். குகதாசன் வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போய்விட்டார். உதயகலா சாவகச்சேரியில் ஒரு மாடிவீடு கட்டுகிறாள். அங்கும் நிலையை அவள்தான் வைத்தாள். அண்ணையும் நானும் பேசுவதில்லை.