பிறந்த வீட்டுக் கோடி

விஜயலெட்சுமி கோச்சியின் கடைசிப் பெட்டி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பதுளையோடு தண்டவாளம் முடிந்துவிடும். உள்ளே யாரும் மிச்சம் இருக்க வழியில்லை. முதுகுப் பையோடு வந்த வெள்ளைக்காரர்கள் இறங்கி, படம் பிடித்து, ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசிப் போயாகிவிட்டது. கூட்டுகிற பெண் விளக்குமாறோடு ஏறிவிட்டாள். மாமாவைக் காணோம்.

கைபேசி அடித்தது. அப்பா.

"வந்துட்டாரா?"

"கோச்சி வந்துருச்சுப்பா. ஆளக் காணோம்."

அந்தப் பக்கம் சாவுத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. அப்பாவுக்குப் பக்கத்தில் யாரோ, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, வெட்டின குழி சரியப் பார்க்கிறது, இனியும் வைத்திருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னுங் கொஞ்சம் பாருங்கப்பா."

"பாக்குறேன்" என்றார் அப்பா.

பார்ப்பாரா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா பெரியாயி முந்தின நாள் காலையில் கொழுந்து எடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பினவள், வாசற்படியில் உட்கார்ந்தாள், எழும்பவில்லை. கூடப் பிறந்தவன் உள்ள பெண் செத்தால், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து மேலே விழ வேண்டும். விழாமல் தூக்கினால் நாதியில்லாதவளைத் தூக்கின மாதிரி. அண்ணன் முருகையாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போய் எத்தனையோ வருசமாகியும், அம்மா அந்த ஒன்றை மட்டும் விடவில்லை. பேசாட்டிப் போகட்டும், கோடி கொண்டாந்துரும் எங்கண்ணன் என்று கொழுந்து எடுக்கும்போதும் சொல்வாள், சோறு வடிக்கும்போதும் சொல்வாள்.

பேச்சு நின்றது விஜயலெட்சுமியின் கல்யாணத்தில். அன்றைக்கு மாமா வந்த கோச்சி பிந்திவிட்டது. நல்ல நேரம் போகிறது, தாலியைக் கட்டுங்க என்று அப்பாதான் சொன்னார். மாமா சீர்த்தட்டோடு வந்து சேர்ந்தபோது சனங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தட்டை வாசலில் வைத்தார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, வந்த வழியே போய்விட்டார்.

அவள் வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் ஏற்றுகிற ஆட்டோக்களில் ஒன்றே ஒன்று நின்றது. காலையிலிருந்து அவளைக் கவனித்துக்கொண்டிருந்த அதன் டிரைவர் ஸனூஸ் தலையை நீட்டினார்.

"என்ன தங்கச்சி, ஆள் வரல்லியா?"

"வரல நானா. அம்மா சாவுக்கு வர்ற மாமா. அவரு மகன்தான் தலவாக்கலையில ஏத்திவிட்டிருக்கான். பதுளைக்கு டிக்கட்."

"நடுவுல எங்கயும் எறங்கிற ஆளா?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தவள் நிறுத்தினாள்.

மாமா என்றைக்குப் பதுளை வரை வந்திருக்கிறார்? தங்கச்சி வீட்டுக்கு வருகிற போதெல்லாம் தெமோதரையில் இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி, அவர்கள் அப்போது குடியிருந்த பழைய லயத்துக்கு வருவார். அந்த மலையில் வெடிப்பு விழுந்து லயத்தைக் காலி பண்ணச் சொன்னதும், எல்லோருக்கும் நமுனுகுல பக்கம் வீடு கொடுத்ததும் கல்யாணத்துக்குப் பிறகு நடந்தவை. பேசாதவரிடம் யார் போய்ச் சொன்னார்கள்? நேற்று மாமா மகனிடம் போனிலும், பதுளைக்கு அனுப்பிவிடு என்றாளே தவிர ஏன் என்று சொல்லவில்லை.

"தெமோதரைக்குப் போகணும் நானா."

"மவுத்து வீடு எங்க?"

"நமுனுகுல பக்கம்."

"அது அந்தப் பக்கம். இது இந்தப் பக்கம்" என்றார் ஸனூஸ். சொல்லிக்கொண்டே ஆட்டோவைத் திருப்பினார்.

தெமோதரை ஸ்டேஷனுக்கு வெளியே தேத்தண்ணிக் கடைக்காரி பார்த்திருந்தாள். வெள்ளை வேட்டி, உயரமான ஆள், கக்கத்தில் பார்சல். வழிகூடக் கேட்கவில்லையாம், தன் வீட்டுக்குப் போகிற மாதிரி மேலே ஏறிப் போனாராம்.

ஆட்டோ போகிற வரை போனார்கள். மிச்சத்தை அவள் ஓட்டமும் நடையுமாக ஏறினாள். லயத்தில் கதவுகள் இல்லை, தகரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் இருந்த காம்பராவுக்குள் புல் முளைத்திருந்தது. அதன் படியில் மாமா உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டுக்குள் போகிறவர் போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். பார்சல் மடியில்.

அவளைப் பார்த்தார். எழும்பவில்லை.

"தூக்கிட்டீங்களா?"

குரலில் கோபம் இல்லை. அது இருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு சனத்தக் காணோம். தப்புச் சத்தமும் இல்ல. சரி, இந்தத் தடவையும் முந்திட்டாங்கன்னு உக்காந்துட்டேன்."

"இல்ல மாமா. இந்த லயத்துல இப்ப யாரும் இல்ல. நாங்க நமுனுகுல பக்கம் போயிட்டோம். அம்மா அங்க இருக்கு."

"இருக்கா?"

"இருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னே இறங்கினார்.

ஆட்டோ பாதி வழி வந்தபோது மழை பிடித்தது. மாமா பார்சலைச் சட்டைக்குள் செருக முயன்றார், கொள்ளவில்லை. மடியில் வைத்துக் குனிந்துகொண்டார்.

"அடுத்த தடவ பதுளையிலயே எறங்குங்க பெரியவர்" என்றார் ஸனூஸ்.

"அடுத்த தடவ யாரப் பாக்க?"

பதுளை டவுனைத் தாண்டும்போது சிக்னல் வந்தது. அவள் அப்பாவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தாள்.

"தங்கச்சிக்குத் தலை வாரிவிட்டது யாரு?" மாமா ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"நாந்தான் மாமா."

"கொண்டையா போட்ட?"

"ஆமா. கொண்ட."

அவர் தலையாட்டினார்.

தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் தப்புச் சத்தம் கேட்டது. வீட்டுப் பக்கமிருந்து இல்லை, ரோட்டிலிருந்து. விஜயலெட்சுமி மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் பதுளை பஸ் நின்றது. அதற்கு முன்னால் சனம். ஸனூஸ் பஸ்ஸுக்குப் பின்னால் ஓரங்கட்டினார்.

மாமாதான் முதலில் இறங்கினார். பஸ்ஸின் பக்கவாட்டில் நடந்து, சனத்தை விலக்கிக்கொண்டு போனார். அவள் பின்னால் போனாள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எதிரே, ரோட்டோரமாக இரண்டு வாங்குப் பலகையைப் போட்டுச் சவப்பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து அதற்கு மேலே நீலத் தறப்பாளை விரித்து நின்றார்கள். கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்திருக்க வேண்டும்; தோள்கள் நடுங்கின. அப்பா தலைமாட்டில், தறப்பாளுக்கு வெளியே, முழுக்க நனைந்து நின்றார்.

"மழைக்கு முந்திக் கொண்டு போயிரணும்னு எல்லாரும் நின்னாங்க" என்றார், அவளைப் பார்த்து. "நாந்தான் ரோட்டோட நிப்பாட்டிட்டேன்."

பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"மூடி போடல மச்சான்."

மாமா தறப்பாளுக்கு அடியில் குனிந்து போனார். பார்சல் தாளைப் பிரித்தார். சேலையின் ஒரு முனை நனைந்திருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்த முனையை உள்ளங்கையில் வைத்து, ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார். தப்பு அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

பின்னால் நின்ற பஸ்ஸில் டிரைவர் எஞ்சினை அணைத்தார்.