சிவப்புத் துணி கட்டிய கம்பம்

அந்தச் சிறிய தெருவுக்கு இருந்தது ஒரே விளக்கு. அது எரியவில்லை. தெருவிளக்கு லைன்மேன் குடியிருப்பதும் அதே தெருவில்தான். கேலிக்கு வேறென்ன வேண்டும்? "மெழுகுவத்தி ஒண்ணு தரட்டுமா தம்பி?" என்று முனைக்கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

தையல் கம்பெனியிலிருந்து திரும்பிய அவன் தங்கை அந்த இருட்டில் பள்ளத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அதற்குமேல் அவன் தள்ளிப்போடவில்லை.

மறுநாள் காலை ஏணியைச் சாத்தி, கம்பத்தில் சிவப்புத் துணி கட்டினான். மேலே வேலை நடக்கிறது, இந்த விளக்குக்கு மின்சாரம் விடாதே என்று அதற்கு அர்த்தம். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். மேலதிகாரியே ஆனாலும் தொடமாட்டார். தங்கை ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அரசுத் தேர்வுப் புத்தகத்தை விரித்துக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மேலே சத்தம் நின்றுபோயிற்று.

"என்னண்ணா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"விளக்குக் கூண்டுக்குள்ள ஒரு குடும்பமே இருக்கு பாப்பா. குருவிக்குஞ்சுங்க. இன்னும் கண்ணே திறக்கல."

"அய்யோ! எடுத்து வேற எங்கயாவது வெச்சா?"

"தாய் இங்கதானே தேடி வரும்?" அவள் முழங்கால் கட்டைப் பார்த்தான். "இருட்டுல நடக்கப்போறது நீ. நீயே சொல்லு."

"பொதுச்சொத்தைக் காப்பாத்தணும்னு ஒரு கடமை இருக்கு. உயிர்கள்கிட்ட இரக்கம் காட்டணும்னும் இருக்கு. ரெண்டும் மோதிக்கிட்டா என்ன செய்யணும்னு போடலையே." புத்தகத்தை மூடினாள். "எறங்கு. பறந்து போகட்டும்."

துணி கம்பத்திலேயே இருந்தது. ஆபீஸில் உள்ளதைச் சொன்னான். "துணி உன்னோடது, நான் என்ன சொல்ல?" என்று மேலதிகாரி சிரித்தார். கடைக்காரர் தன் பல்பை வாசலுக்கு இழுத்துக் கட்டினார்; கேலியை மட்டும் விடவில்லை.

அன்றிலிருந்து மாலையில் கம்பெனி வாசலில் அண்ணன் டார்ச்சோடு நின்றான். வெளிச்சம் அவள் காலடிக்கு. வழியெல்லாம் அவள் கடமைகளை ஒப்பித்தாள். ஒன்று தப்பினால் டார்ச் அணையும்.

"விழுந்து தொலையப்போறேன், போடுண்ணா!"

இதற்கு முன் இருவரும் இப்படிச் சேர்ந்து நடந்து வருடக்கணக்காகியிருந்தது.

பிறகு ஒரு காலையில் கூண்டு காலியாக இருந்தது. பழுது பார்த்துத் துணியை அவிழ்த்தான். மாலையில் தெரு பளிச்சென்றது.

விளக்குதான் சரியாகிவிட்டதே, இனி யார் வரப்போகிறார்கள் என்று அவள் தலையைத் தூக்காமலே கம்பெனி வாசலைத் தாண்டினாள். அண்ணன் நின்றிருந்தான். கையில் டார்ச் இல்லை.

"விளக்குதான் எரியுதே?"

"எரியட்டும். நேத்து பாதியில விட்டியே, அதுலேருந்து சொல்லு."