மாமன் வளையல்

பத்து மணியாகியும் பனிமூட்டம் விலகவில்லை. முற்றத்துப் பந்தலில் கட்டிய சாமந்திச் சரங்கள் ஈரத்தில் கனத்துத் தொங்கின. முற்றத்தில் எடுப்பதாக இருந்த படங்களையெல்லாம் ஜக்தார் வீட்டுக்குள் மாற்றிவிட்டான். கிழக்கு அறையில்தான் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பெண்கள் கூடியிருந்த அறை.

அந்த மாதிரி அறைக்குள் அவன் வேலை செய்ததில்லை. அது ரவ்னீத்தின் பக்கம். பஞ்சாபில் மோகாவைச் சுற்றியுள்ள ஊர்களில் கணவனும் மனைவியுமாகக் கல்யாணம் எடுத்தவர்கள் அவர்கள். எந்தச் சடங்கை எங்கே வைப்பது, விளக்கு எந்த மூலையில், யார் எப்போது தயாராக வேண்டும் என்று திட்டம் போடுவது அவள். படம் எடுப்பது பெரும்பாலும் அவன்.

ஆகஸ்டில் ரவ்னீத் இறந்துபோனாள்.

அக்டோபரில் பல்வந்த் கௌர் போன் செய்தாள். "டிசம்பர்ல எம் பொண்ணு ஜஷனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கனடாவுல அப்பத்தான் லீவாம். நீங்க ரெண்டு பேரும் வந்துடணும்." சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். "வந்துடறோம்மா" என்று வந்தது. இன்று காலை அவன் வாசலில் இறங்கியதும், "எங்கப்பா உம் பொண்டாட்டி?" என்று கேட்டாள். "அவங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்றான்.

அறையில் மணப்பெண் ஜஷன் மணைமேல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று பல்வந்த் கௌர் மகளின் கண்களைப் பொத்தியிருந்தாள். தாய்மாமன் சிவப்பும் வெள்ளையுமான வளையல்களைப் பால் கலந்த தண்ணீரில் முக்கி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். உடுத்தி முடித்து, கல்யாணம் நடக்கும் குருத்வாராவில் போய் உட்காரும்வரை பெண் அந்த வளையலைப் பார்க்கக்கூடாது; பார்த்தால் வாழ்க்கைக்கு ஆகாது என்பார்கள்.

"நல்லாப் பொத்துங்க அண்ணி. கள்ளி, விரலிடுக்குல பார்த்துடுவா" என்றாள் மாமி.

"மாமா, பால் ஐஸா இருக்கு. சீக்கிரம் போடுங்க."

"கை இவ்வளவு தடிமனா இருந்தா நான் என்னடி செய்ய? நாலு நாளைக்குப் பராத்தாவை நிறுத்துன்னு அப்பவே சொன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜக்தார் மணைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு எடுத்துக்கொண்டிருந்தான். கடைசி வளையல் விரல் முட்டியில் சிக்கி நின்றது. அதன் விளிம்பில் ஒரு துளிப் பால். படம் நன்றாக விழுந்தது. இரண்டு கைகளையும் சிவப்புத் துணியால் மூடிக் கட்டியபின் அம்மா மகளின் கண்களை விடுவித்தாள்.

நல்ல படம் விழுந்தால் கேமராத் திரையை இடப்பக்கம் திருப்பிக் காட்டுவான். அங்கே எப்போதும் ரவ்னீத்தின் தலை இருக்கும்.

திருப்பினான். "பாரு" என்றான்.

இடப்பக்கம் இருந்தது ஜஷன்.

"ஐயோ, எவ்வளவு அழகா..." என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

"அடப் பாவி!" மாமிதான் முதலில் பேசினாள். "உம் பொண்டாட்டிய அனுப்பியிருந்தா இந்தக் கூத்து நடக்குமா? ஆம்பளைய உள்ள விட்டா இப்படித்தான்."

"விடு. படத்தைத்தானே பார்த்தா? வளையலைப் பார்க்கலையே" என்றார் மாமா.

"உங்க மூஞ்சியைக்கூட நான் படத்துலதான் பார்த்தேன். அதோட விட்டுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. பல்வந்த் கௌர் "வாஹேகுரு, வாஹேகுரு" என்று முணுமுணுத்தாள். ஜஷனின் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணே, ரவ்னீத் அண்ணிக்குப் போன் போடுங்க. அக்கா கல்யாணத்துல எல்லாம் அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. பார்த்துட்டா என்ன பண்ணணும்னு கேளுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் போனை எடுத்துக் காதில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான்தான்... பொண்ணு வளையலைப் பார்த்துட்டா... இல்ல, படத்துல... சரி. சொல்லிடறேன்."

குரல் எப்போதும்போலவே வந்தது.

"படத்துல பார்த்தா ஒண்ணுமில்லையாம்" என்றான்.

ஜஷனின் முகம் மலர்ந்தது. "கொண்டாங்க, நானும் ஒரு வார்த்தை பேசறேன்." கைகள் துணிக்குள் இருந்ததால் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.

"கட் ஆயிடுச்சு."

"எங்கிட்ட நம்பர் இருக்கு. இவ அக்கா கல்யாணத்தப்ப வாங்கினது" என்று மாமி தன் போனில் போட்டாள். கேட்டாள். காதிலிருந்து எடுத்தாள். "சுவிட்ச் ஆஃப்னு வருது. இப்பத்தானே பேசின?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"அவ இல்ல" என்றான்.

"இல்லன்னா?"

"ஆகஸ்ட்ல போயிட்டா. டெங்கு."

மாமி சால்வை நுனியால் வாயை மூடிக்கொண்டாள். பல்வந்த் கௌர் மெதுவாகக் கேட்டாள். "நான் போன் பண்ணினப்பவே இல்லையா?"

"இல்லம்மா."

"சொன்னா வேற ஆளைப் பார்த்துடுவோம்னு நெனச்சியா?"

அப்படி நினைத்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. தரையில் சிந்தியிருந்த பாலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு கல்யாண வீட்டில், மணப்பெண்ணுக்கு முன்னால், செத்தவளிடம் பேசி நடித்திருக்கிறான். அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகவும் சொல்லியிருக்கிறான்.

"அண்ணே" என்றாள் ஜஷன். "அண்ணி அவங்க கல்யாணத்துல முன்னாடியே வளையலைப் பார்த்துட்டாங்களா?"

"ஜஷன்! வாயை மூடு" என்று அதட்டினாள் அம்மா.

"பார்க்கல" என்றான் ஜக்தார். "கண்ணை இறுக்க மூடிக்கிட்டே இருந்தாளாம். முகமெல்லாம் சுருங்கிப் போச்சுன்னு அவ மாமா திட்டினாராம். அப்பவும் தொறக்கலையாம்."

ஜஷன் அவனையே பார்த்தாள். ரவ்னீத் பார்க்கவில்லை. முறை தவறவில்லை. அப்படியும் போய்விட்டாள். அந்தப் பெண்ணின் மனதில் அது ஓடி முடிவதை அவன் கண்ணால் கண்டான். அவள் தோள்கள் தளர்ந்தன. மூச்சு நீளமாக வெளியே வந்தது. உடனே, வந்திருக்கக்கூடாத மூச்சு அது என்று தெரிந்தவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவனும் குனிந்துகொண்டான். அவள் தேறிவிட்டாள் என்பதில் அவனுக்கும் ஒரு நிம்மதி வந்திருந்தது. ரவ்னீத்தின் சாவை எடுத்துக் கொடுத்து அதை வாங்கியிருந்தான்.

"குருத்வாராவுக்கு நேரமாச்சு" என்றாள் பல்வந்த் கௌர், அவனைப் பார்க்காமல். "இனி யாரைத் தேடறது? நீயே எடு."

அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தான். பெண்கள் வழிவிட்டார்கள். ஒரு ஆள் போவதற்கு வேண்டியதைவிட அதிகமாகவே ஒதுங்கி நின்றார்கள்.