கூடத்தில் ஒரு முட்டு

வீடு கட்டும் வேலைக்கு ஆள் வைப்பது என்றாலே மனோகருக்கு ஆகாது. தன் கையே தனக்குதவி என்கிற கட்சி. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பூமிக்கடியில் மேற்பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. அவர் முட்டு வைக்காத இடத்தில் யாரும் உட்கார்ந்து சோற்று டப்பாவைக்கூடத் திறக்கமாட்டார்கள். அப்பேர்ப்பட்டவரின் மகன் ராகேஷ், ஆண்டர்சன்பேட்டையில் வாங்கிய மனையில் வீடு கட்டுவதை டக்ளஸ் மேஸ்திரியிடம் மொத்தமாக விட்டுவிட்டான். பாவம், அவனும் என்ன செய்வான்? விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு திரும்புகிறவனுக்கு வீட்டைப் பார்க்கவே பொழுதில்லை, கட்ட எங்கே போவான்.

மனோகர் தினமும் மனைக்குப் போனார். கரணையைத் தொட்டால் டக்ளஸ் மரியாதையாக வாங்கிக்கொண்டு நாற்காலி போட்டான். செங்கல்லைத் தூக்கினால் டீ வரவழைத்தான். டீ குடித்துக் குடித்துப் பித்தம் ஏறியதுதான் மிச்சம்.

உட்கார்ந்தால் பழைய நினைப்புதான். சுரங்கக்காரர்கள் கொடுத்த லைன் வீட்டுக்குப் பின்னால் அவரும் மனைவி பாக்கியவதியும் சமையலறை கட்டிய காலம். முதல் ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மண் வெட்டுவார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் மிதித்துக் குழைப்பாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மா கல் எடுத்துக் கொடுப்பாள். அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு, கேட்காமலே ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போவார்கள். சுவர் எழும்பிய அன்று பாக்கியவதி வைத்த கருவாட்டுக் குழம்பு இன்னும் மூக்கில் இருக்கிறது. அந்த நாட்கள் இனி வரப்போவதில்லை.

கூரைத் தளம் போட்டு, தண்ணீர் கட்டி, அடியில் தாங்கிய செண்ட்ரிங்கைப் பிரித்த அன்றுதான் வினை வந்தது. கூடம் முழுக்க நின்ற சவுக்குக் கட்டைகளை ஆட்கள் தட்டித் தட்டி எடுக்கவும் மனோகர் தெருவுக்கு ஓடிவந்துவிட்டார். அவ்வளவு பெரிய கூரை, கீழே ஒரு கட்டை கிடையாது. உள்ளே கம்பி இருக்கிறது, தாங்கும் என்று டக்ளஸ் எவ்வளவோ சொன்னான். கேட்டால்தானே? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆளில்லாத வீட்டுக்குள் பயந்து பயந்து நுழைந்து, ஒரு கட்டையை அளவாக அறுத்து, கூடத்தின் நட்டநடுவில் நிறுத்தி, அடியில் ஆப்பு அடித்து இறுக்கினார். அதன்பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் ராகேஷும் பாக்கியவதியும் வந்து பார்த்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் இதைச் சுற்றிக் கும்மியடிக்கவா என்று மகன் கேட்டான். கட்டையை எடுத்தால் இந்த வாசற்படி மிதிக்கமாட்டேன், லைன் வீட்டிலேயே கிடந்து சாகிறேன் என்று சொல்லிவிட்டு மனோகர் வெளியே போய் நின்றுகொண்டார்.

"இந்த ஊடே உங்களுக்காகத்தான நைனா," என்றான் ராகேஷ். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

பாக்கியவதி ஒரு காலி சிமெண்டு சாக்கை உதறி, கட்டைக்கு வெகு தள்ளி, வெறும் கூரைக்கு நேர்கீழே விரித்துப் படுத்துவிட்டாள். எழுந்து வந்துவிடச் சொல்லி மனோகர் வாசலிலிருந்து கெஞ்சினார்.

"நீங்க கட்டின சமையல்கட்டுச் செவுரு கோணலா நிக்குது, தெரியுமா? கீழ சொரங்கத்துல பாறை வெடிச்சி லைனே ஆடறப்பல்லாம், இன்னிக்கி உழுமா நாளைக்கி உழுமான்னு பயந்துக்கினேதான் அடுப்பாண்ட நின்னேன்."

மனோகர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பாக்கியம், ஒரு நாளும் சொல்லலியே."

"நீங்க கட்டினதாச்சேன்னு நின்னேன். இது உங்க புள்ள கட்டறது. நீங்க நிக்கமாட்டீங்களா?"

மனோகர் கூரையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுத்தியலை எடுத்து ஆப்பைத் தட்டினார். முதல் அடி குறி தவறித் தரையில் பட்டது. அடுத்த அடியில் ஆப்பு கழன்றது. சாய்ந்த கட்டையை ராகேஷ் தாங்கிக்கொண்டான்.

பாக்கியவதி நகர்ந்து இடம் விட்டாள். மனோகர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவள் கையைக் கெட்டியாகப் பிடித்தபடி பக்கத்தில் படுத்தார்.