பிரவீனா அழித்த படிப்பு

படித்ததைச் சொன்னால் வேலை கிடைக்கும் என்று நம்பி பிரவீனா நான்கு வருஷத்தை வீணாக்கினாள். பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு. படப்பையில் அவள் வீட்டு வாசலில் நின்றால் ஒரகடம் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவது தெரியும். அத்தனை பஸ்ஸிலும் அவளுக்கென்று ஒரு சீட் இல்லை. போனில் எத்தனை வேலை ஆப் உண்டோ அத்தனையிலும் விண்ணப்பித்தாயிற்று. 'உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று உடனே பதில் வரும், அதோடு சரி. பெற்றுக்கொண்டவன் யார், அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று கேட்க ஆள் கிடையாது.

பக்கத்து வீட்டு ஷெர்லின்தான் வழி சொன்னாள். பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டு, கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்பவள்.

"பி.இ.ன்னு போட்டா எடுக்க மாட்டான்டி. ஆறு மாசத்துல வுட்டுட்டு ஓடிடுவன்னு நெனைப்பான். ஓடலன்னா கேள்வி கேப்பன்னு நெனைப்பான். ப்ளஸ் டூன்னு மட்டும் போடு. எங்க கம்பெனில இப்ப ஆள் எடுத்துகினு கீறாங்கோ. ஆனா இருவத்தாறு முடிஞ்சா பொண்ணுங்கள எடுக்க மாட்டாங்கோ, பாத்துக்கோ."

பிரவீனாவுக்கு அடுத்த மாதம் இருபத்தாறு முடிகிறது. இதை விட்டால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

அன்றைக்கே பழைய வேலை ஆப்களையெல்லாம் போனிலிருந்து எடுத்துவிட்டு, ஷெர்லின் காட்டிய ஆப்பில் கணக்குத் தொடங்கினாள். படிப்பு என்ற இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று போட்டாள். 'வேறு தகுதி ஏதேனும் உண்டா?' என்று கேட்டது. 'இல்லை' என்பதைத் தொடும்போது விரல் கூசியது. அம்மா லூர்தம்மாள் தண்டலத்தில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்த்துப் படிக்கவைத்த படிப்பு அது. மறுநாளே இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்துவிட்டது. சந்தோஷப்படக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஹெச்.ஆர். இளைஞனுக்கு அவள் வயதுதான் இருக்கும்.

"ப்ளஸ் டூ முடிச்சு இவ்ளோ வருஷம் என்ன பண்ணீங்க?"

"வீட்லதான் சார் இருந்தேன். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல."

குத்துக்கல்லாட்டம் இருக்கிற அம்மாவை நோயாளி ஆக்கிவிட்டாள். அவனோ தலையாட்டினான். ஷிப்டு முழுக்க நிற்க வேண்டும், பரவாயில்லையா என்றான். எப்போது சேரலாம் என்றுகூடக் கேட்டுவிட்டான். கிடைத்துவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

பிறகு அவள் போன் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினான். எல்லோருக்கும் செய்கிற வழக்கமாம். திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரையை அவள் பக்கம் திருப்பினான்.

போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டால் கணக்கும் போய்விடும் என்று நினைத்திருந்தாள் நம் மெக்கானிக்கல் இன்ஜினியர். கல்லூரிக் கடைசி வருஷம் வேறொரு தளத்தில் போட்ட விவரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பி.இ., மதிப்பெண், ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரிலேயே கோட்டு மாட்டிவிட்ட போட்டோ.

"சாரி மேடம்" என்றான். அதுவரை மேடம் போடாதவன்.

"பி.இ.க்கே ஏதாவது இருந்தா குடுங்க சார்."

"அதுக்கு எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்க மேடம்."

"அப்ப ப்ளஸ் டூன்னே வெச்சுக்கோங்க சார். நான் எங்கயும் ஓட மாட்டேன். எதுவும் கேக்க மாட்டேன்."

அவன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவனுக்கும் மேலே ஒருத்தன் இருப்பான்.

கேட்டுக்கு வெளியே வந்தபோது போன் சிணுங்கியது. பழைய தளத்திலிருந்து மெயில். 'வாழ்த்துகள் பிரவீனா! ஒரு நிறுவனம் உங்கள் விவரங்களைப் பார்த்துள்ளது.' நான்கு வருஷத்தில் முதல் தடவை. ஒரு கணம் நெஞ்சு துள்ளிவிட்டது. யாரென்று அவசரமாகத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் கேட்டின் மேல் பெரிதாக எழுதியிருந்த அதே பெயர்.

"படப்பையா? ஏறும்மா, எடம் கீது" என்றார் ஷேர் ஆட்டோக்காரர். அவள் ஏறவில்லை. கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தபடி, போகிற வருகிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட இல்லாமல் நின்று அழுதாள்.