நாற்பத்தொன்று

காலை பத்தேகால் மணிக்கு நிலோஃபர் கவரைப் பிரித்தாள். 1996 ஜூன் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. கோயமுத்தூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மேசைக்கு எதிரே ஐயாசாமி நின்றிருந்தார். உட்காருங்கள் என்று இரண்டு முறை சொல்லியும் உட்காரவில்லை.

“டில்லியிலிருந்து வந்திருக்குதுங்க,” என்றாள்.

“இல்லைன்னுதானுங்க எழுதியிருக்கும்?”

“இருங்க, படிக்கறேன்.”

அவர் காத்திருந்தார். எழுபத்தொன்று டிசம்பரில், வங்காளதேசப் போரில், ஓர் ஆற்றங்கரையில் குண்டுச் சிதறல் ஒன்று அவருடைய இடது தோள்பட்டைக்குள் போயிற்று. ஏழு வாரம் ராணுவ ஆஸ்பத்திரி. மறுபடி பட்டாலியன். எழுபத்தெட்டில் ஓய்வு. கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இரண்டு பதக்கங்கள் ஏறியிருந்தன. போரில் காயம்பட்டவருக்குத் தரும் பதக்கம் ஏறவில்லை. காயம் என்று அச்சடித்த இடத்துக்கு நேராக ஒரு கோடு போட்டிருந்தது.

இப்போது அவர் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு துணி மில்லில் வாட்ச்மேன். சட்டை மாற்றும்போது தழும்பைப் பார்த்து ஷிப்ட் ஆட்கள் கேட்பார்கள். “ஏனுங்ணா, இது பாகிஸ்தான்காரன் போட்டதா, பம்புசெட்டு பெல்ட்டு அடிச்சதா?” அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தொண்ணூற்று மூன்றில்தான் அந்தக் கோடு உறுத்த ஆரம்பித்தது. மூத்தவன் பிரவின்குமார் இன்ஜினியரிங் படிப்புக்கு விண்ணப்பித்த வருடம் அது. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள் உண்டு. அதில் போரில் காயம்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு முதல் வரிசை. பிரவின்குமார் கடைசி வரிசையில் நின்றான். அவன் முறைக்கு இரண்டு பேர் இருக்கும்போதே இடம் தீர்ந்துபோனது. இப்போது கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போகிறான்.

இந்த வருடம் மெர்சியின் முறை. வேளாண் பட்டப்படிப்பு. விண்ணப்பம் போய்ச்சேர வேண்டியது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள்.

பிப்ரவரியில் அவர் முதன்முதலாக இந்த மேசைக்கு வந்தபோது, மகள் பெயரைப் படித்துவிட்டு நிலோஃபர் கேட்டிருந்தாள்: “நீங்க கிறிஸ்தவங்களா?”

“இல்லீங்க அம்மணி. ஆஸ்பத்திரியில எனக்குக் கட்டுப் போட்ட நர்சம்மா பேருங்க.”

 நிலோஃபர் டைப்ரைட்டரில் தாளைச் செருகினாள். “மூணு வருசமா ரெக்கார்ட் ஆபீசுக்கே எழுதியிருக்கீங்க. அவங்க புஸ்தகத்தைப் பாத்து இல்லைன்னு சொல்றாங்க. மெடல் அனுப்பற பிரிவையே ஒருக்காக் கேட்டுப் பாத்துடலாம்.”

அந்தப் பதில்தான் இப்போது அவள் கையில் இருந்தது. ஒரு தரம் படித்தாள். பின்னால் இணைத்திருந்த ஜெராக்ஸைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“ஐயா, உங்களுக்கு மெடல் குடுத்திருக்காங்க.”

“குடுக்கலீங்களே.”

“எழுபத்தொம்பது மார்ச்லயே உங்க பட்டாலியனுக்கு அனுப்பிட்டாங்க. நீங்க அப்ப ரிட்டயர் ஆயிட்டீங்க. ஒரே ஜில்லாக்காரன், லீவுல போறப்ப நேர்ல ஒப்படைச்சுடறேன்னு ஒருத்தர் எழுதிக் குடுத்து வாங்கியிருக்காரு. உங்க ரெக்கார்டுல ஏத்தறதுக்கு ஆர்டர் போட வேண்டியவரும் அவருதான். போடலை.”

ஜெராக்ஸை அவர் பக்கம் திருப்பினாள். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. கையெழுத்து தெரிந்தது. கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி.

“ஹவில்தார் கிளார்க் குமாரசாமின்னு போட்டிருக்குது. இவரைத் தெரியுங்களா?”

“தெரியுங்க.”

“இப்ப எங்க இருக்காரு?”

“கொடுமுடியிலீங்க. எனக்கு பெட்டிசன் எழுதித் தர்றவரு அவருதானுங்க.”

நிலோஃபர் பேனாவைக் கீழே வைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இந்தக் கடுதாசியை வச்சே சர்ட்டிபிகேட் ஆகாதுங்களா அம்மணி?”

“மெடல் அனுப்பினதுக்குத்தான் இது ஆதாரம். அது உங்களோடதுன்னு கண்ணால பாத்தா ஆபீசர் கையெழுத்துப் போடுவாரு.”

“மெடல் ஓரத்துல நம்பரு வெட்டியிருக்குமுங்க. நம்பரு, பேரு, ரெண்டும்.”

“அப்ப அதைக் கொண்டாங்க. வெள்ளிக்கிழமை காலையில வந்தாலும் நான் வாங்கித் தர்றேன். அது எங்க இருக்குதுன்னு தெரியுங்களா?”

தெரியும். குமாரசாமி வீட்டு முன்னறையில், சிவப்பு வெல்வெட் துணி மேல், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. வெள்ளை நாடா, நடுவில் ஒரு சிவப்புப் பட்டை. அந்தச் சட்டத்துக்கு ஆணி அடித்தவர் ஐயாசாமி.

பட்டாலியனில் ஐயாசாமி என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் நம்பரின் கடைசி இரண்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். இவர் நாற்பத்தொன்று. நம்பர்களையெல்லாம் தாளில் ஏற்றுகிறவர் குமாரசாமி. எண்பத்திரண்டில் அவர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து முன்னாள் படைவீரர் சங்கம் ஆரம்பித்தார். குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் அணிந்த கோட்டின் மார்பில் பதக்கம் மின்னும். அது எப்படி வந்தது என்று ஐயாசாமி ஒரு தடவை கேட்டிருக்கிறார். “நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பின்னால எங்க லைன்லயும் குண்டு ஒண்ணு விழுந்துதப்பா,” என்றார் குமாரசாமி. கையைத் தூக்கி விலாவைக் காட்டினார். சட்டைக்கு மேலேதான் காட்டினார்.

ஐயாசாமி நம்பினார். அவருடைய அப்பா பண்ணையாள். தோட்டம் வைத்திருந்தவர்களின் வீட்டு வாசலில் நின்று பேசி வளர்ந்த குடும்பம். ஓய்வு பெற்று வந்த பிறகு, வெளியாள் வீட்டில் அவருக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னவர் குமாரசாமி ஒருவர்தான். பெட்டிசனுக்கு எழுத்துக்கூலி வாங்கமாட்டார். “உன்ற ஊட்டுக்கு போஸ்ட்மேன் ஒழுங்கா வரமாட்டான்,” என்று பதில் விலாசத்துக்குத் தன் வீட்டையே போட்டார். பதில் வந்தால் படித்து அர்த்தம் சொல்வார். பிரவின்குமாருக்கு இடம் இல்லை என்று ஆனபோது சரவணம்பட்டிக்கே வந்து அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஐயாசாமி வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை மாசாணியம்மாள் மஞ்சள் பையில் இரண்டு மில் துண்டுகளை மடித்து வைத்தாள். கொடுமுடிக்குப் போகும்போதெல்லாம் வைப்பதுதான்.

“இந்தத் தடவை வேண்டாம்,” என்றார்.

“அதெப்படி? மனுசன் காசு வாங்காம எழுதித் தர்றாரு. வெறுங்கையோட போனா நல்லாருக்குமா?”

அவர் பையை வாங்கிக்கொண்டார். மெர்சி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். விண்ணப்பத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தாள். எதற்கு அதை வெளியில் எடுத்துவந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

“கெடைச்சுருமுங்களாப்பா?”

“இருக்கற எடம் தெரிஞ்சுபோச்சு கண்ணு.”

“யார்கிட்டயாச்சும் சண்டை போடப் போறீங்களா? மூஞ்சியே செரியில்ல.”

“சண்டை போட்டதுக்குத்தான அந்த மெடலு.”

அவள் சிரித்தாள். பஸ் வந்தது.

காங்கேயத்தில் பஸ் மாறிக் கொடுமுடியில் இறங்கியபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. குமாரசாமி வீட்டுக் கதவு எப்போதும்போல் திறந்தே இருந்தது. முன்னறையில் அவரும் அப்புசாமியும் இருந்தார்கள். அப்புசாமி பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், சங்கத்தின் பொருளாளர். பேப்பர் படிக்கத் தினமும் இங்கே வருவார்.

“வாப்பா, நாப்பத்தொண்ணு!” குமாரசாமி எழுந்தே நின்றுவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார். “வெயில்ல வந்திருக்கறே. மோர் குடி மொதல்ல. பையில என்ன, துண்டா? உங்க மில்லுத் துண்டு இல்லாம எனக்குத் தலை தொவட்டுனாப்பலயே இருக்கறதில்ல போ.”

“எனக்கொண்ணு?” என்றார் அப்புசாமி.

“நீ என்ன எழுதிக் கிழிச்சே, உனக்குத் துண்டு?”

மோர் வந்தது. ஐயாசாமி குடித்தார். சட்டம் எதிர்ச்சுவரில் இருந்தது. வெளியே தெரிவது பதக்கத்தின் முகம் மட்டும். ஓரம் வெல்வெட்டுக்குள் பதிந்திருந்தது.

“பொண்ணுக்கு வெள்ளிக்கிழமையோட தேதி முடியுதுங்க,” என்றார்.

“தெரியுமே. அதுக்கு என்ன பண்றது? நாலாவது பெட்டிசன் ஒண்ணு போட்டு வைப்போம். இந்த வருசம் இல்லாட்டி என்ன, பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் ட்ரெயினிங் போதுமப்பா. வயலைப் படிச்சு எந்த வயலுக்குப் போகப்போறா?” குமாரசாமி மேசை இழுப்பறையிலிருந்து தாளை எடுத்தார். தேதியைப் போட்டார். நம்பரைக் கேட்காமலே எழுதினார். “உன்ற பேரை மறந்தாலும் நம்பரை மறக்கமாட்டேன், பாத்துக்க.”

“மெடலு அனுப்பற பிரிவுன்னு ஒண்ணு டில்லியில இருக்குதாமுங்க. அதுக்கு எழுதுனா?”

“அவனுக எங்கப்பா பதில் போடறானுக? தபால் செலவுதான் மிச்சம்.”

அப்புசாமி பேப்பரை மடித்தார். “ஏனப்பா ஐயாசாமி, நெசமாலுமே உனக்குக் குண்டடி பட்டுதா, கெணத்துல கிணத்துல உளுந்தியா? நம்ம கிளார்க்கைப் பாரு. பேனா புடிச்சுக்கிட்டே மெடல் வாங்கிப்போட்டாரு. நீ துப்பாக்கி புடிச்சு என்னத்தக் கண்டே?”

குமாரசாமி சிரித்தார். “அவனை ஓட்டாதேடா, பாவம்.”

ஐயாசாமி டம்ளரைத் தரையில் வைத்தார். நிலோஃபர் கொடுத்த கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்காமலே ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஒரு தடவை கேட்டால் அவரே சொல்லிவிடலாம். பெட்டியில் வைத்து மறந்துபோனேன், முதலில் யாரோ உங்களுடையதா என்று கேட்டார்கள், ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது என்று சொல்லலாம். பதினேழு வருடத்தில் சொல்ல வராதது இன்றைக்கு வரலாம்.

“கிளார்க்கண்ணா, நான் ரிட்டயர் ஆன பொறகு என்ற பேருக்கு பட்டாலியனுக்குப் பார்சல் ஏதாச்சும் வந்துதுங்களா?”

பேனா நின்றது. ஒரு கணம்தான். பிறகு வரியை முடித்துப் புள்ளி வைத்தது.

“பார்சலா? வந்திருந்தா நானே கொண்டாந்து உன்ற கையில குடுத்திருக்க மாட்டனா? என்னப்பா கேக்கறே?”

தாளை அவர் பக்கம் தள்ளினார். “இந்தா, கையெழுத்துப் போடு.”

ஐயாசாமி எழுந்தார். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசை மேல் விரித்தார். சுவருக்குப் போய்ச் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினார். ஆணி அசையவில்லை. நன்றாகத்தான் அடித்திருந்தார்.

“ஏனப்பா, எதுக்குக் கழட்டறே?” என்றார் அப்புசாமி.

“தூசியா இருக்குதுங்க.”

சட்டத்தைத் துண்டின் மேல் குப்புறப் போட்டார். பின்பலகையை நான்கு சின்ன ஆணிகள் பிடித்திருந்தன. இடுப்பிலிருந்த மில் சாவியால் ஒவ்வொன்றாக நெம்பினார்.

“உட்டுருப்பா. கண்ணாடி ஒடைஞ்சுபோயிரும்,” என்றார் குமாரசாமி. குரல் சின்னதாக இருந்தது. நாற்காலியிலிருந்து எழவில்லை.

“ஒடையாதுங்க.”

பலகை வந்தது. வெல்வெட் வந்தது. ஊக்கைக் கழற்றிப் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்தார். நினைத்ததைவிடக் கனம் குறைவு. ஓரத்தில் பெருவிரலை ஓட்டினார். வெட்டிய எழுத்துகள் தட்டுப்பட்டன. அவர் குனிந்து படிக்கவில்லை.

அப்புசாமி எழுந்து மேசைக்கு அருகில் வந்து நின்றார். இருவரையும் மாறிமாறிப் பார்த்தவர், பிறகு யாரையும் பார்க்கவில்லை.

ஐயாசாமி பதக்கத்தைப் பெட்டிசன் தாளின் மேல், குமாரசாமி எழுதியிருந்த நம்பருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். விழாமல் இருக்க ஒரு விரலால் பிடித்துக்கொண்டார்.

“மூக்குக்கண்ணாடியைப் போடுங்க கிளார்க்கண்ணா. முழுசும் வேண்டாம். கடைசி ரெண்டு நம்பரு மட்டும் படிச்சுச் சொல்லுங்க.”