'ஆமா' என்று போட்ட கட்டம்

விரேமுவுக்கு அறுபது வயது. அதில் ஐம்பத்தேழு வருஷம் பிரிஸ்பேனை ஒட்டிய லோகனில் கழிந்தது. நியூசிலாந்திலிருந்து அம்மா இடுப்பில் தூக்கிவந்தபோது மூன்று வயது. அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இருந்தும் மனுஷன் ஆஸ்திரேலியக் குடியுரிமை மட்டும் வாங்கவில்லை. காரணம் ரக்பி.

"சத்தியம் பண்ணிட்டு, நம்ம நியூசிலாந்துக் கறுப்புச் சட்டைப் பசங்களுக்கு எதிரா எப்படிடி கைதட்டுறது?" என்பார். மனைவி நோலீன் சிரித்துத் தொலைப்பாள். முப்பத்திரண்டு வருஷமாக இதே ஜோக்.

அறுபதாவது பிறந்தநாளுக்குப் பாலித் தீவுக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் நோலீன்தான். லோகனில் பாலி பார்க்காத ஆளை விளக்கு வைத்துத் தேட வேண்டும்.

"கொட்டகையில ஒரு நாற்காலி, அடுப்புல நாலு சாசேஜ். வேற என்னடி வேணும்?"

"அந்த நாலையும் நாய்க்குப் போட்டுட்டுக் கிளம்புய்யா."

கிளம்பினார். நியூசிலாந்தின் கறுப்பு அட்டை பாஸ்போர்ட், வாழ்க்கையில் முதல் தடவை. பாலியில் ஆறு நாளும் நீச்சல் குளத்தை விட்டு வெளியே வரவில்லை. பூப்போட்ட சட்டை நாலு வாங்கிக்கொண்டார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நோலீன் பார்த்ததே இல்லை.

திரும்பும் விமானத்தில், நாட்டுக்குள் நுழைய நிரப்பித் தரும் அட்டை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தண்டனை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி. இருபத்திரண்டு வயதில் மதுக்கடைச் சண்டையில் ஒருவன் தாடையை உடைத்துப் பதினாலு மாதம் ஜெயிலில் இருந்தவர் விரேமு. கல்யாணத்துக்கு முன்பே நோலீனிடம் சொல்லியிருந்தார். பேனாவைப் பிடித்தபடி யோசித்தார்.

"இல்லைன்னு போட்டுடட்டா?"

"பொய் எழுதாதே. முப்பத்தெட்டு வருஷத்துக் கதையை எவன் கிளறப்போறான்? ஆமான்னு போடு."

போட்டார்.

பிரிஸ்பேனில் பாஸ்போர்ட் சோதனையை அவள் தாண்டிவிட்டாள். அவரை ஒரு அறைக்குள் கூட்டிப்போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு அதிகாரிப் பெண் வந்தாள். நோலீனின் மகள் வயதுதான் இருக்கும்.

"வெளிநாட்டுக்காரர், ஒரு வருஷத்துக்கு மேல ஜெயில் தண்டனை. சட்டப்படி உள்ள விட முடியாதும்மா."

"யாரு வெளிநாட்டுக்காரரு? இருபத்தெட்டு வருஷமா லோகன் குப்பையை அள்ளினவர்மா அவரு."

"இவ்வளவு நாள் வெளிய போகாம இருந்தார், தப்பிச்சார். போயிட்டுத் திரும்பி வந்தா புது ஆள் மாதிரிதான் பார்ப்போம். ஆக்லாந்து விமானத்துல ஏத்துறோம். அங்க யாரும் இருக்காங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். விரேமு பூப்போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஜூலை மாதம், ஆக்லாந்தில் குளிர் கொல்லும். நோலீன் தன் ரோஸ் நிற ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். அது அவருக்கு முழங்கையைத் தாண்டவில்லை.

"இனிமே மைதானத்துலயே போய்க் கைதட்டலாம் போலடி," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்ததும் அவருடைய வாய் கோணிக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே மகள் டார்சி 'அறுபது' என்று எழுதிய பலூனோடு காத்திருந்தாள்.

"அப்பா பெட்டிக்கு நிக்கிறாராம்மா?"

"இல்லடி." நோலீன் கைப்பெட்டியைக் கீழே வைத்தாள். பாவி, அவர் அட்டையில் 'இல்லை' என்று போடத்தானே இருந்தார். "நான்தான் ஆமான்னு போடச் சொன்னேன்," என்றாள்.

டார்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் பலூனை உயர்த்திப் பிடித்தாள்.